பன்னெண்டு மணி சாரின் ஸ்பீக்கர்

காவிரி டெல்டாவில் மெதுவாகப் பேசத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவரும் பிழைப்புக்குச் சத்தத்தையே தேர்ந்தெடுத்தார்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கம் ஒருமுறை வந்து பார்க்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பதைக்கூட, வாய்க்காலுக்கு அந்தக் கரையில் நிற்பவரிடம் கேட்பது போலத்தான் கேட்போம். வயலில் பேசிப் பழகிய தொண்டை. ரகசியம் என்றால் அடுத்த தெருவுக்கு மட்டும் கேட்கும்படி சொல்வது. இப்படிப்பட்ட சீமையில், மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஓர் உரக்கடையின் மாடியில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருந்தார் பன்னெண்டு மணி சார்.

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவர் பன்னெண்டு மணிதான். காரணம், அவருடைய ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் இருந்த வால்யூம் திருகு. அதன் முள் நேர்மேலே, கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கும்போது இருப்பது போல நிற்கும். அதற்குமேல் அதை ஒரு மயிரிழை நகர்த்த யாருக்கும் உரிமை கிடையாது. ஆளுங்கட்சி வந்தாலும் பன்னெண்டு மணி, எதிர்க்கட்சி வந்தாலும் பன்னெண்டு மணி. நிலை மாறாத ஒரே அரசியல்வாதி அந்தத் திருகுதான் என்பார்கள்.

தமிழ் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்த நான் அவரிடம் பாட்டு எழுதப் போய்ச் சேர்ந்தேன். பாட்டு என்றால் பெரிதாக எதுவும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கேசட் போய் சி.டி. வந்தும் வராத காலம் அது. காலையில் அம்மன் பாட்டு, மத்தியானம் ஜவுளிக்கடை விளம்பரம், சாயந்திரம் கட்சிப் பாட்டு. தேர்தல் நேரத்தில் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குவார்கள். மெட்டு ஒன்று, தலைவர் பெயர் மட்டும் வேறு. இரண்டு பெயருக்கும் ஒரே மாத்திரை வந்துவிட்டால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

சுவர் முழுக்கச் சாக்கும் பழைய ஜமுக்காளமும் ஆணி அடித்துத் தொங்கும். கீழே பஸ் ஹாரன் அடித்தால் பாடகர் பாதியில் நிறுத்தி, பஸ் போனபின் விட்ட இடத்தில் பிடிப்பார். அப்படிப்பட்ட அறையின் நடுவில் ராஜா ராணி மாதிரி உட்கார்ந்திருந்தன அந்த இரண்டு ஸ்பீக்கர்களும். சிங்கப்பூரில் வேலை பார்த்த கூத்தாநல்லூர் நண்பர் ஒருவர், இரண்டு கம்பளிக்கு நடுவே சுருட்டிக் குழந்தையைப் போலத் தூக்கிவந்து கொடுத்தது. ஸ்டுடியோவின் மொத்தச் சொத்தே அவைதான். ஒன்று புகைந்தால் இன்னொன்று வாங்க வழியில்லை, கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று சார் அடிக்கடி சொல்வார். வந்த அன்று சார் அவற்றை ஆன் செய்யவே இல்லை.

"கப்பல் காத்துல இருந்து வந்திருக்கு. நம்ம ஊர்க் காத்து பழகட்டும்" என்று ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, ஸ்டுடியோவை ஒட்டியிருந்த வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆயுத பூஜை வந்தபோது அவர் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு ஸ்பீக்கரை நெருங்கினார். சார் குறுக்கே விழுந்து தடுத்தார். அதன் வாயில் பொட்டு வைத்தால் சத்தம் அடைத்துக்கொள்ளுமாம். கடைசியில் அது நின்ற ஸ்டூலுக்குப் பொட்டு வைத்து, கரண்ட் பிளக்குக்கு மாலை போட்டு, பூஜை ஒருவாறு முடிந்தது.

அந்த ஸ்பீக்கரின் மகிமையைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. ஆம்ப்ளிஃபயர் தனியாகக் கிடையாது, அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். பின்பக்கம் திருகும், கட்டைச் சத்தத்துக்கு ஒரு ஸ்விட்சும், கீச்சுச் சத்தத்துக்கு ஒரு ஸ்விட்சும். முன்பக்கம் கீழே கடுகு அளவில் ஒரு லைட். ஒழுங்காக நடந்துகொண்டால் பச்சை. தாங்க முடியாத சத்தத்தை உள்ளே திணித்தால் சிவப்பு மினுக்கும். அதையும் மதிக்காமல் போனால் ஸ்பீக்கர் சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். உள்ளே எதுவும் கருகிவிடக் கூடாதென்று தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. சூடு தணிந்ததும் தானாகத் திரும்பி வரும். நாம் கெஞ்சினாலும் வராது, திட்டினாலும் வராது.

இந்த லைட்டுக்குத்தான் சார் பக்தர். கோயிலுக்குப் போனால்கூட அரைக்கண்தான் மூடுவார். லைட் விஷயத்தில் பொய்யே கிடையாது. "லைட்டு சிவந்துடுச்சுங்க" என்று அவர் சொன்னால் முடிந்தது கதை. அப்புறம் மந்திரி வந்து பாடினாலும் நிறுத்திவிடுவார்.

ஒருமுறை ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர், கரை வேட்டி சரசரக்க வந்து உட்கார்ந்தார். நான் எழுதிய பாட்டு ஓடியது. அவர் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இன்னும் ஏத்துங்க சார். தலைவர் பேரு வர்ற எடத்துல ஜன்னல் கண்ணாடி அதிரணும்."

சார் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டியில் கொஞ்சம் ஏற்றினார். தலைவர் பெயர் வந்தது. லைட் சிவந்தது. சார் உடனே குறைத்தார்.

"ஏன் கொறைச்சீங்க?"

"லைட்டு சிவந்துடுச்சுங்க."

செயலாளர் குனிந்து லைட்டை உற்றுப் பார்த்தார். முகம் மாறியது. "அதென்ன, எங்க தலைவர் பேரு வர்றப்ப மட்டும் செவப்பு எரியுது? அது அவங்க கலருல்ல? இதை எங்க மாவட்டம் பார்த்தா என்னைய என்ன நினைப்பாரு?"

"உங்க தலைவர் பேரை மெதுவா சொன்னா பச்சைதாங்க எரியும்."

"பச்சையும் வேணாங்க. எங்க கொடிக் கலர்ல ஒரு லைட்டு போட முடியாதா?"

அடுத்த வாரமே விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தோழர் ஒருவர் கூலி உயர்வுப் பாட்டு பதிய வந்தார். கோரஸில் பத்துத் தொண்டைகள் ஒன்றாக எழும்ப, லைட் சிவந்தது. தோழருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தீங்களா சார், மெஷினே உணர்ந்து எரியுது."

"அது உணர்ச்சி இல்லீங்க தோழர். வலி" என்றார் சார்.

தோழர் அதைக் காதில் வாங்கவில்லை. பாட்டு முழுக்க அந்த லைட் எரிகிற மாதிரி பாடவேண்டும் என்று குழுவை உசுப்பேற்றினார். மூன்றாவது சரணத்தில் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொண்டது. புரட்சி அன்று காபி குடிக்கப் போய்விட்டு வந்துதான் தொடர்ந்தது.

இதெல்லாம் தொழில். சாரிடம் வேடிக்கை என்னவென்றால், ஸ்பீக்கருக்கு உள்ள சட்டம் எல்லாம் தனக்கும் பொருந்தும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். ஸ்பீக்கரின் முதுகில் சூடு வெளியேற இடம் வேண்டும், சுவரில் ஒட்டி வைக்கக் கூடாது. சாரும் சுவரில் சாய மாட்டார். பஸ்ஸில், சலூனில், கல்யாணப் பந்தியில் எங்கே உட்கார்ந்தாலும் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஜாண் இடம் விட்டு விறைப்பாக உட்காருவார். பார்ப்பவர்கள் முதுகில் கட்டி என்று பரிதாபப்படுவார்கள்.

மற்ற எல்லாக் கருவியையும் ஆன் செய்த பிறகுதான் ஸ்பீக்கரை ஆன் செய்ய வேண்டும். நிறுத்தும்போது ஸ்பீக்கரைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். முறை தப்பினால் 'டுப்' என்று ஒரு அடி விழும், அது ஸ்பீக்கரின் நெஞ்சுக்கு ஆகாது. ஆகவே சார் எந்த விசேஷத்துக்கும் கடைசி ஆளாக வருவார், முதல் ஆளாகக் கிளம்புவார். சொந்த மச்சான் கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடித்தபின் வந்து, பந்தியில் பாயசம் வருவதற்கு முன் எழுந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு போய்விட்டதாக நினைத்துப் பெண்ணின் அப்பா தெருமுனை வரை ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"கோவமெல்லாம் இல்லீங்க. எல்லாம் ஆஃப் ஆகுறதுக்கு முன்னாடி நான் ஆஃப் ஆயிடணும்" என்று சார் விளக்கம் சொன்னார். பெண்ணின் அப்பாவுக்குக் கவலைதான் கூடியது.

எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய கோபம். கோபம் வந்தால் நாம் கத்துவோம், தட்டைத் தள்ளிவிடுவோம். சார் நின்றுவிடுவார். ஸ்பீக்கர் எப்படி நிற்குமோ அப்படி. பாட வந்த ஒரு பாகவதர் "எக்கோ பத்தல, எக்கோ பத்தல" என்று காலையிலிருந்து நச்சரித்தபோது இதை முதலில் பார்த்தேன். சார் இரண்டு கையையும் மடியில் வைத்தார். கண்ணை மூடினார். அவ்வளவுதான். கூப்பிட்டால் பதில் இல்லை. பாகவதர் பயந்து எழுந்துவிட்டார்.

சாரின் மனைவி உள்ளேயிருந்து வந்து டேபிள் ஃபேனை அவர் முதுகுப் பக்கமாகத் திருப்பிவைத்தார். "ஒண்ணுமில்லீங்க. சூடாயிட்டாரு. செத்த இருங்க, ஆறிட்டு வந்துடுவாரு" என்று பாகவதருக்குக் காபி கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் சார் கண்ணைத் திறந்து, எதுவுமே நடக்காதது போல, "ம், பல்லவியிலேர்ந்து போவோம்" என்றார். பாகவதர் அதற்குப்பின் எக்கோ என்ற சொல்லையே உச்சரிக்கவில்லை.

இப்படி இருந்தவரை எங்கள் ஊர் வம்புக்கு இழுத்தது நான்தான்.

எங்கள் ஊர் மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். அங்கே என் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். நிலம்தான் கொஞ்சம், குரல் பெரிய பண்ணை. களத்தில் நின்று அவர் "டேய்" என்றால் அடுத்த ஊரில் யாராவது "என்னங்க" என்பார்கள். அந்த வருஷம்தான் எங்கள் ஊருக்குள் முதல்முதலாக அறுவடை மெஷின் வந்தது. கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நிலம் வைத்திருந்தவர்கள் சேர்ந்து மெஷினைப் பேசி வரவழைத்தார்கள். மெஷின் இறங்கினால் கூலியாக வரும் அறுப்பு நெல் போச்சு என்று அறுப்புக்காரர்கள் வயலுக்குப் போகும் பாதையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவி அஞ்சலை அக்கா. அப்பாவின் குரலுக்கு ஜில்லாவில் ஒரு போட்டி உண்டென்றால் அது அவர் குரல்தான்.

மெஷின் ரோட்டில் நின்றது. தை மாதக் கடைசி. சம்பா முற்றிக் கதிர் தலை சாய்ந்து கிடந்தது. கடல் பக்கம் மேகம் கூடுகிறது, வேதாரண்யத்தில் தூறல் என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். ஒரு நல்ல மழை பிடித்தால் சாய்ந்த கதிர் தண்ணீரில் ஊறி வயலிலேயே முளைத்துவிடும். எங்கள் வீட்டில் அந்த நெல்லை விட்டால் வேறு வருமானம் கிடையாது. அறுப்புக்காரர்கள் வீட்டிலும் அதே கதைதான்.

தாசில்தார் அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். முதல் கூட்டத்துக்கு எங்கள் ஊர் மைக் செட் வந்தது. எங்கள் பக்கம் மைக் செட்டுக்கும் கட்சி உண்டு என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அது நிலக்காரர்கள் பக்கத்து மைக் செட். அஞ்சலை அக்கா பேசினால் குழாய் ஸ்பீக்கர் முனகியது, அப்பா பேசினால் பக்கத்து ஊர் மூலங்குடி வரை கேட்டது. அஞ்சலை அக்கா எழுந்து போனார். இரண்டாவது கூட்டத்துக்கு அவர்கள் பக்கத்து மைக் செட் வந்தது. அதில் அப்பாவின் குரல் மட்டும் அறுந்து அறுந்து வந்தது. அப்பா எழுந்து வந்துவிட்டார். மெஷின், கூலி, நெல் எல்லாம் பின்னே போய், இப்போது சண்டை மைக் செட்டுக்கு வந்து நின்றது. எந்தக் கட்சியும் இல்லாத ஸ்பீக்கர் இருந்தால்தான் மூன்றாவது கூட்டம் என்று இரண்டு பக்கமும் ஒரே குரலில் சொன்னது. அந்த ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமை.

நான் சாரிடம் போய் நின்றேன்.

"அது வெளில வர்ற சாமான் இல்ல தம்பி" என்றார். "ரூமுக்குள்ள பாட்டைத் திருத்திக் கேக்குறதுக்குன்னு செஞ்சது. அதைத் தூக்கிட்டுப் போயி ஊர்ச் சண்டையில வைக்கிறதா? உங்கப்பா ஒரு கத்து கத்துனா உள்ள இருக்குற காயில் கருகிப் போயிடும். அது போனா நான் இல்ல."

நியாயம்தான். நான் திரும்பினேன். படிக்கட்டில் இறங்கும்போது அவர் கேட்டார்:

"வயலு எப்படி இருக்கு?"

"கதிரெல்லாம் சாஞ்சு கெடக்கு சார். மேகம் கூடிட்டு இருக்கு."

சார் கையை மடியில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனைவி ஃபேனைத் திருப்பிவைத்தார். நான் படியிலேயே உட்கார்ந்தேன். கீழே உரக்கடையில் யாரோ மூட்டையை எண்ணிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தவர், "பழைய பெட்ஷீட் ரெண்டு எடு" என்று மனைவியிடம் சொன்னார்.

பள்ளிக்கூடக் கூடத்தில் கூட்டம். வாத்தியார் மேஜை மேல் இரண்டு ஸ்பீக்கர்களையும் சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி வைத்தார் சார். கூடத்தின் நடுவே ஒரு மைக். மேஜைக்குப் பின்னால் மிக்சரோடு அவர். நிலக்காரர்கள் ஒரு பக்கம், அறுப்புக்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் தலைவலி மாத்திரையை விழுங்கிவிட்டு வந்த தாசில்தார்.

"என்னங்க இது, டிபன் கேரியரா?" என்று பின்னால் ஒருவர் கேட்க, இரண்டு பக்கமும் சிரித்தது.

சார் எழுந்தார். தன் வாழ்நாளில் செய்த ஒரே மேடைப் பேச்சை அன்றுதான் செய்தார். "இது எந்தக் கட்சியும் இல்லீங்க. இதுக்குச் சத்தம் மட்டும் ஆகாது. மெதுவா பேசுனா எடுத்துச் சொல்லும். கத்துனா செவப்பு லைட்டு வந்து நின்னுடும். அப்புறம் அதுக்கா எப்ப தோணுதோ அப்பதான் வரும். நம்ம கையில ஒண்ணும் இல்ல." உட்கார்ந்துவிட்டார்.

தாசில்தாருக்கு இந்த ஏற்பாடு பிடித்துவிட்டது. "மைக்கில் வருவதைத்தான் நான் குறித்துக்கொள்வேன். மைக்கில் வராதது பேசாத பேச்சு" என்று அறிவித்தார்.

அப்பா எழுந்தார். தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பிலேயே லைட் ஒருமுறை சிவந்ததாக சார் பிறகு சொன்னார். "இந்த ஊருல நிலம் வச்சிருக்கிறது பாவமா?" என்று அப்பா ஆரம்பித்ததுதான் தெரியும். ஸ்பீக்கர் பட்டென்று நின்றது. அப்பா நின்ற இடத்திலேயே கை வீசிப் பேசிக்கொண்டிருந்தார். தாசில்தார் பேனாவை மூடிவிட்டார். எதிர்ப்பக்கம் ஒரே சிரிப்பு.

ஸ்பீக்கர் திரும்பி வந்ததும் அஞ்சலை அக்கா வந்தார். "பாவமான்னு கேக்குறாரே, எங்க வயித்துல அடிக்கிறது மட்டும் புண்ணியமா?" பட்டென்று நின்றது. இப்போது எங்கள் பக்கம் சிரித்தது.

மறுபடியும் அப்பா. மறுபடியும் நின்றது. மறுபடியும் அக்கா. மறுபடியும் நின்றது. ஒவ்வொரு தடவையும் எல்லோரும் வாய் மூடி, ஸ்பீக்கர் எப்போது திரும்பி வரும் என்று அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊர் அவ்வளவு நேரம் அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. வெளியே மரத்தில் காக்கை கத்தியது. "சத்தம் போடாத, செவப்பு வந்துடும்" என்று யாரோ காக்கையை அதட்டினார்.

அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எனக்குப் பயம். தண்ணீர் எடுக்க மேஜைப் பக்கம் போனேன். சொம்பு ஸ்பீக்கரை ஒட்டி இருந்தது. அப்போது அஞ்சலை அக்கா மைக்கில் குரலை உயர்த்தினார், ஸ்பீக்கர் நின்றது. என் மூக்குக்கு நேரே இருந்தது அந்தக் கடுகு லைட்.

பச்சை. துளிக்கூடச் சிவப்பில்லாத, குளுகுளு பச்சை.

நான் சாரைப் பார்த்தேன். மிக்சர் மேல் அவர் துண்டு கிடந்தது. அவர் கை துண்டுக்குள் இருந்தது. முகத்தில் கோயில் குருக்கள் மாதிரி ஓர் அமைதி. என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கூட்டத்தை நோக்கி, "லைட்டு சிவந்துடுச்சுங்க. ஆறட்டும்" என்றார்.

நான் சொம்பை எடுத்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

அடுத்து மைக்குக்கு வந்தபோது அஞ்சலை அக்கா களைத்திருந்தார். தொட்டில் பக்கத்தில் பேசுவது போலப் பேசினார். ஸ்பீக்கர் ஒரு சொல் விடாமல் எடுத்துச் சொன்னது.

"எங்களுக்கு மெஷின் மேல ஒண்ணும் கோவம் இல்லீங்க. அது என்ன பண்ணும். அறுப்புல வர்ற நெல்லுதான் எங்களுக்கு மழைக்காலத்துச் சோறு. காசா குடுத்தா அன்னன்னைக்கே கரைஞ்சு போயிடுது. நெல்லா இருந்தா குதிருல கெடக்கும். புள்ளைங்க பசின்னு கேட்டா குத்திப் போடலாம். அதைக் கேக்கத்தான் வந்தோம்."

அப்பா எழுந்து போய் மைக்கைப் பிடித்தார். அவருக்கு மெதுவாகப் பேச வராது. முதலில் காற்றுதான் வந்தது. பிறகு, யாரோ ஒருவருடைய குரல் போல, அப்பாவின் குரல் வந்தது.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. நீங்க கத்துனதுல எனக்கு ஒண்ணும் வெளங்கல."

அஞ்சலை அக்காவை அவர் 'நீங்க' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். மைக்கின் மரியாதையோ என்னவோ. சொன்ன பிறகு அவருக்கே அது உறைத்தது போல ஒரு கணம் நின்றார். திருத்திக்கொள்ளவில்லை.

"எனக்கும் மெஷின் ஒண்ணும் சம்பந்தி இல்ல" என்று தொடர்ந்தார். "அது அறுத்தா வைக்கோலு நொறுங்கிப் போவுது, எம் மாடு மோந்துகூடப் பாக்காது. மழை வந்துடுமேன்னுதான் கூப்புட்டேன். மழைக்கு முன்னாடி முடியணும். அது ஒண்ணுதான் எனக்கு."

"பள்ள வயல்ல மெஷின் எறங்காதுங்க, பொதைஞ்சுடும்" என்றார் அஞ்சலை அக்கா, இருந்த இடத்திலிருந்தே. பிறகு நினைவு வந்து மைக்குக்கு ஓடிவந்து அதையே மெதுவாகத் திரும்பச் சொன்னார்.

தாசில்தார் பேனாவைத் திறந்தார். பள்ள வயல் முழுக்கக் கை அறுப்பு, கூலி நெல்லாகவே. மேட்டு வயலுக்கு மெஷின். மெஷின் போன வயலிலும் களத்து வேலை ஊர் ஆட்களுக்கே. இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டது. கூட்டம் கலையும்போது வழக்கப்படி எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேச ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பே சார் ஸ்பீக்கரை ஆஃப் செய்து பெட்ஷீட்டில் சுற்றியிருந்தார்.

மறுநாள் விடிந்ததும் அறுப்பு இறங்கியது. மழை வருவதற்குள் கடைசிக் கட்டு களத்துக்கு ஏறிவிட்டது. அப்பா அந்த ஸ்பீக்கரைப் பற்றிப் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். "என் குரல் தாங்காம வெளிநாட்டு மெஷினே நின்னுடுச்சுய்யா" என்றுதான் சொன்னார். அஞ்சலை அக்காவும் தன் தெருவில் அதையே சொன்னதாகக் கேள்வி.

நான் சொல்லவந்தது கூட்டம் முடிந்த அன்று பஸ்ஸில் நடந்ததை. சார் மடியில் ஒரு ஸ்பீக்கர், என் மடியில் ஒன்று. சீட்டில் சாயாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். எனக்கு அடக்க முடியவில்லை.

"சார், முதல் தடவை நின்னது சரி. அதுக்கப்புறம் பச்சைதானே எரிஞ்சுது?"

கண்ணை மூடிக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். லைட் விஷயத்தில் பொய்யே சொல்லாத மனிதரை, அவர் சொன்ன ஒரே பொய்யில் போய்ப் பிடித்துவிட்டோமே என்று சங்கடமாக இருந்தது. பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"ஸ்பீக்கர் தாங்கும் தம்பி. உங்கப்பாவும் அந்த அம்மாவும்தான் தாங்க மாட்டாங்க."

இப்போது அவர் சீர்காழியில் மகளோடு இருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை போனில் கூப்பிடுவார். அந்தக் குரல் போனில் பாதிதான் வந்து சேரும். நான் எழுந்து போய் ஃபேனை நிறுத்துவேன், டி.வி.யை நிறுத்துவேன், ஜன்னலைச் சாத்துவேன், போனைக் காதோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு மூலையில் நிற்பேன். போன வாரம் அப்படி நிற்கும்போது என் மனைவி, யார் போனில் என்று கையால் கேட்டாள்.

"வேண்டியவங்க" என்றேன், அவருக்குக் கேட்காதபடி, மெதுவாக.